ரசீது இல்லாத செலவு

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று ஒரு பேச்சு உண்டு. குறிச்சித் தொழிற்பேட்டையில் ஸ்ரீ அங்காளம்மன் பிரஸ் ஒர்க்ஸ் நடத்தும் வெள்ளியங்கிரி அதை முறைப்படி புகார் கொடுத்து, நன்றியும் சொல்லி வைத்துக்கொண்டார்.

அவருடைய ஷெட்டில் ஒன்பது பிரஸ், ஒன்பது பேர் வேலை. இரும்புத் தகட்டை அச்சுக்குள் வைத்துக் காலால் மிதித்தால், மேலிருந்து பல டன் எடை இறங்கி ஒரே அடியில் கொக்கியாக வெட்டித் தள்ளும். ஐரோப்பாவில் குழந்தைகளைக் காரில் உட்காரவைத்துக் கட்டுகிற நாற்காலிக்கான கொக்கி அது. தகட்டை வைத்த கை திரும்பி வருவதற்குள் அச்சு இறங்கிவிட்டால் கை அவ்வளவுதான். அதற்காகத்தான் ஒவ்வொரு பிரஸ்ஸின் தலையிலும் காவல்கண் என்ற கேமராக் கருவியைப் பொருத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. கண் எந்நேரமும் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த நொடி விபரீதம் வரப்போகிறது என்று பட்டால் பிரஸ்ஸை நிறுத்திவிடும். கிளி ஜோசியக்காரன் நாளைக்கு நடப்பதைச் சொல்லுவான். இது அரை நொடிக்குப் பின்னால் நடப்பதை மட்டும்தான் சொல்லும், ஆனால் பெரும்பாலும் பலிக்கும்.

வந்த நாளிலிருந்து கண் உண்டு, அதன் வேலை உண்டு என்றுதான் இருந்தது. ஆயுத பூஜை முடிந்து, பொரி கடலை பங்கிட்டு, பூசணிக்காய் உடைத்து, மறுநாள் மின்சாரம் போட்டதிலிருந்து அதற்கு என்ன வந்ததோ, தொட்டதற்கெல்லாம் பிரஸ்ஸை நிறுத்தியது. வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினால் நிறுத்தியது. பக்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை பேசத் திரும்பினால் நிறுத்தியது. உற்பத்தி மூன்றில் இரண்டு பங்காக விழுந்தது. மாதக் கடைசிக்குள் கொக்கி கப்பலேறாவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும். வெள்ளியங்கிரி பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணைச் செய்த நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தார்.

நிறுவனத்தின் கோவைக் கிளையிலிருந்து பிரகதி என்ற பொறியாளர் வந்தாள். முப்பது வயது இருக்காது. ஏணியில் ஏறி முதல் கண்ணைப் பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாருங்க இதுக்குப் பொட்டு வெச்சது?"

"நாந்தான் கண்ணு" என்றாள் துளசிமணி. ஷெட்டிலேயே பெரிய பிரஸ்ஸில் நிற்பவள் அவள். முதலாளிக்கு அடுத்தபடி அங்கே அவள் பேச்சுத்தான். "எல்லா மிசினுக்கும் வெச்சுப்போட்டு இதுக்கு மட்டும் வைக்காம உட்டாக் கோவிச்சுக்காதா? கண்ணுக்குள்ள வெச்சாத்தானே தப்பு. நான் மேல, நெத்தியிலதான வெச்சேன்?"

நெற்றி என்று அவள் நினைத்தது இன்னொரு சின்னக் கண்ணாடி. கீழே இருக்கும் பெரியது கையைப் பார்க்கும். மேலே இருக்கும் சின்னது முகத்தைப் பார்த்து, நிற்பது யார் என்று அடையாளம் கண்டுகொள்ளும். ஒன்பது கண்ணிலும் சந்தனமும் குங்குமமும் சரியாக அந்தச் சின்னதின் மேல்தான் அப்பியிருந்தன.

"அட கெரகமே! இத்தினிக்கோண்டு பொட்டுக்கா இத்தனை ஆட்டம்?" என்றார் வெள்ளியங்கிரி. "தொடச்சுட்டாச் சரியாயிருமுங்களா அம்மிணி?"

"ஆயிரும் சார்."

சொன்னாளே தவிர, துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றாள். வெள்ளியங்கிரி சும்மா இருந்திருக்கலாம். "அப்பறம் என்னங் யோசனை?" என்று கேட்டுவிட்டார்.

பிரகதி கீழே இறங்கி வந்தாள். "பொட்டு வெச்சதுக்கப்பறம் யாருக்காவது அடிபட்டுச்சுங்களா சார்? சின்னக் கீறலாவது?"

"இல்லீங்க, ஒண்ணுமில்லை. அங்காத்தா புண்ணியம்" என்றாள் துளசிமணி.

"சார், கண்ணு ஒவ்வொரு நொடியும் ரெண்டு கணக்குப் போடும். இப்ப நிறுத்தினா உற்பத்தியில எவ்வளவு நட்டம்; நிறுத்தாம விட்டு அடிபட்டா எவ்வளவு செலவு. எது எச்சோ அதைத் தவிர்க்கும். அடிபட்டா ஆகற செலவு ஆளுக்கு ஆள், நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில ஒரு விரல் போனா ஆப்பரேசன், புது விரல், வேற தொழில் பழக்கறது, ஆயுசு பூரா பென்சன் எல்லாத்தையும் கம்பெனியும் அரசாங்கமும் கட்டோணும். அதனால அங்க நூத்துக்கு ரெண்டு பங்கு சந்தேகம் வந்தாலே கண்ணு நிறுத்திரும்."

"இங்க?"

"இங்க அறுவது பங்கு வரோணும்."

பிரகதி தொடர்ந்தாள். "பொட்டு வெச்சதுல நிக்கறது யாருன்னு கண்ணுக்குத் தெரியலை. தெரியாத ஆளை அந்த ஊர் ஆளாட்டம் மதிக்கோணும்னு அதுக்குள்ள எழுதியிருக்குது. பிரஸ்ஸைப் பாக்க வந்த மந்திரியா இருந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம். அதான் இத்தனை நாளா உங்களையெல்லாம் ஐரோப்பாக்காரங்கன்னு நெனச்சுட்டு இருந்திருக்குது."

கதிரவேல் என்ற இளவட்டம் சத்தமாகச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. வெள்ளியங்கிரிக்கு ராசப்பன் ஞாபகம் வந்துவிட்டது. போன வருசம் இதே ஷெட்டில், இதே கண்ணுக்குக் கீழே ராசப்பனுக்கு மூன்று விரல் போயிற்று. இயந்திரம்தானே, என்றைக்காவது கோட்டைவிடும் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கட்டினார், சட்டம் சொன்ன தொகையைக் கொடுத்தார், தீபாவளிக்கு வீட்டில் எல்லாருக்கும் துணியும் எடுத்துக் கொடுத்தார். நம்மால் ஆனதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி அவருக்கு இருந்தது.

"போன வருசம் இங்க ராசப்பனுக்கு மூணு விரல் போச்சுங். அன்னிக்குக் கண்ணு பாக்கலைங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

பிரகதி கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் தேடினாள்.

"பார்த்துச்சு சார். நூத்துக்கு நாப்பத்தஞ்சுன்னு கணக்குப் போட்டுச்சு. அறுவது வரலை."

துளசிமணிக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "அடப் படுபாவி! ராசப்பன் விரலுக்குச் செலவு கம்மின்னு எவன் சொன்னான்? அவன் பொண்டாட்டி மில்லு வேலையை உட்டுப்போட்டு ஊட்டுல உக்காந்தா. சோறு ஊட்டி உடறதுக்கு ஆள் வேணுமில்ல? நர்சுக்குப் படிச்சுட்டிருந்த புள்ளையை நிறுத்திக் கண்ணாலம் பண்ணிக் குடுத்துட்டாங்க. எருமை ரெண்டையும் வித்தாச்சு. இப்ப அவன் ஏதோ அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாக் குச்சியைப் புடிச்சுட்டு நிக்கறான். இதெல்லாம் செலவில்லையாக்கும்?"

"செலவுதான்க்கா. ஆனா அதுக்கெல்லாம் ரசீது இல்லையே. ரசீது இருக்கறதைத்தான் கண்ணுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இங்கயும் செலவு ஆகத்தான் ஆகுது. அது வீட்டுக்குள்ள ஆகறதால வெளிய தெரியறதில்லை."

"அப்பப் பொட்டைத் தொடைக்காதீங்க" என்றார் வெள்ளியங்கிரி. "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

இங்கேதான் சூனியம் வேலை செய்தது. புகார் மேலே போய்விட்டது. முகம் தெரியாவிட்டால் பிரஸ் ஓடவே கூடாது என்ற புது மாற்றம், மறுநாள் காலையில் எல்லாக் கண்ணுக்கும் வந்துவிடும் என்றாள் பிரகதி. வெள்ளியங்கிரி தலையில் கையை வைத்துக்கொண்டு தகட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மனிதர் கஞ்சர்தான், டீக்காசுக்குக்கூடக் கணக்குப் பார்ப்பவர்தான். ஆனால் தெரிந்தே ஒருவன் விரலை வெட்டக் கொடுக்கிறவர் இல்லை. இனிமேல் தெரியாது என்று சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

"வேற வழியே இல்லைங்களா?"

"ஒண்ணு இருக்குது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. இன்ன ஆளுக்கு அடிபட்டா ஆயுசு முழுக்க ஆகற செலவெல்லாம் என்னோடதுன்னு மொதலாளி சொத்தை ஈடு வெச்சு எழுதிக் குடுக்கலாம். அப்பக் கண்ணு அந்தச் செலவையும் சேர்த்துக்கும். செலவு எச்சாயிட்டா சீக்கிரம் நிறுத்தும்."

வெள்ளியங்கிரி சொத்தைச் சொன்னார். ஷெட், போத்தனூரில் வீடு, கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, கார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது. பிரகதி எல்லாவற்றையும் பலகையில் போட்டுப் பார்த்தாள்.

"ஒருத்தருக்குத்தான் வரும் சார்."

"ஒரு ஷிப்டுக்குங்களா?"

"இல்லை சார், ஒரே ஒரு ஆளுக்கு. அவங்க ஊர்ல ஒரு தொழிலாளியோட ரெண்டு கைக்கு என்ன மதிப்போ, அதுதான் உங்க மொத்தச் சொத்து."

வெள்ளியங்கிரி மனைவி சௌந்தரத்துக்குப் போன் போட்டார். வீட்டையும் சேர்த்து எழுதப் போகிறேன் என்றால் அவள் சாமியாடுவாள் என்றுதான் நினைத்தார். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, "ராசப்பன் ஊட்டுக்கு ஆறு மாசம் தினம் தூக்குப்போசியில சோறு போச்சே, உங்களுக்குத் தெரியுமா? நானாத்தான் குடுத்துவிட்டேன். நீங்களும் கேக்கலை, நானும் சொல்லலை. மறுக்கா அந்தச் சோத்தை ஆக்க என்னால முடியாது. எழுதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஒன்பது பேரும் சுற்றி நின்றார்கள். யாருடைய பேர்? வெள்ளியங்கிரியின் பார்வை தானாகத் துளசிமணியிடம் போயிற்று. பெரிய பிரஸ், அத்தனை வருச விசுவாசம். யாரும் குறை சொல்ல முடியாது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பிரகதியைக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, எங்க எல்லாத்துலயும் அந்தக் கண்ணுக்கு ரொம்ப எளப்பமானவன் யாரு?"

பிரகதி பலகையைப் பார்த்து, "சுக்ராம்" என்றாள்.

சுக்ராம் ஜார்க்கண்ட்காரன். வந்து இரண்டு வருசம், கொச்சைத் தமிழ் பேசுவான், சிரித்த முகம். தன் பெயர் அடிபட்டதும் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து முன்னால் வந்து நின்றான்.

"வெளி மாநிலத்துக்காரங்களுக்கு அடிபட்டா ரயில் ஏத்தி அனுப்பிருவாங்க. அதுக்கு மேல யாரும் செலவு பண்ணினதாப் பதிவே இல்லை. அதனால இவருக்கு மட்டும் எம்பது பங்கு வர்ற வரைக்கும் கண்ணு காத்திருக்கும்."

"அப்ப அவன் பேரை எழுதுங்க" என்றாள் துளசிமணி.

கதிரவேலுக்குச் சுருக்கென்றது. "ஏன்க்கா, நம்மாளுக இத்தனை பேர் இருக்கறப்ப..."

"கெணத்துக்குள்ள உழுகப்போறவனை மொதல்ல புடிக்கோணுமா, கரையில நிக்கறவனைப் புடிக்கோணுமாடா? போடா அக்கட்டால!"

வெள்ளியங்கிரி கையெழுத்துப் போட்டார். பிரகதி பொட்டுகளைத் துடைத்தாள். போகும்போது துளசிமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துக்கங்கக்கா" என்றாள். வேறு என்ன சொல்லுவாள், பாவம்.

மறுநாளிலிருந்து சுக்ராமின் பிரஸ் மட்டும் தும்மினால் நின்றது. மற்ற எட்டும் பழையபடி தடதடவென்று ஓடின. வெள்ளியங்கிரிக்கு நிம்மதி பாதி, பயம் பாதி. ஒவ்வொரு அடி விழும்போதும் எட்டுப் பேர் கையையும் பார்த்துக்கொண்டு ஷெட்டுக்குள்ளேயே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார். ஒரு மனிதன் எட்டுக் கண்ணுக்கு ஈடாக முடியுமா? பிரஸ்ஸின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். கொள்முதல்காரர் ஐரோப்பாவிலிருந்து கூப்பிட்டு விளக்கம் கேட்டார். இவர் விளக்கமாகச் சொல்லி, விலையைக் கொஞ்சம் உயர்த்தித் தரும்படி கேட்டார். அதற்கு அவர், கொக்கியை எங்கள் ஊரிலும் அதே தகட்டில், அதே பிரஸ்ஸில்தான் செய்கிறோம், உங்களிடம் மலிவு என்பதால்தானே வாங்குகிறோம் என்றார், மரியாதையாகத்தான். வெள்ளியங்கிரி அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஏன் சௌந்தரம், இத்தனை வருசமா நாம கொக்கியைத்தான் வித்தமா?" என்று கேட்டார். அவள் ரசத்தை ஊற்றினாள்.

ஷெட்டிலோ சுக்ராமுக்கு 'கோடீஸ்வரன்' என்று பெயர் விழுந்துவிட்டது. முதலாளியின் தோப்பும் வீடும் இவன் கைக்குள் இருக்கிறதாம். டீ டம்ளரை எடுத்தால், "பாத்துடா, தோப்பு சுட்டுரப் போகுது!" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கையை விசிறியாக ஆட்டிக் காட்டுவான். அவன் பிறந்தநாள் வந்தது. நம் ஊரில் ஒருவனுக்குப் பிறந்தநாள் என்றால் என்ன செய்வார்கள்? பிளெக்ஸ் அடிப்பார்கள். காசு போட்டு அடித்தது துளசிமணி தலைமையில் எட்டுப் பேர். சுக்ராமின் முகம் ஆள் உயரத்துக்குச் சிரிக்க, கீழே 'கோடிக் கைக்குச் சொந்தக்காரர் வாழ்க' என்று எழுதி, கதிரவேலின் பிரஸ்ஸுக்குப் பின்னால் சுவரில் கட்டினார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரவேலுக்குக் கண் சொக்கியிருக்கிறது. தகடு அச்சில் சிக்கிக்கொண்டது. விரலால் தட்டிவிடக் கையை நீட்டிக்கொண்டே காலையும் மிதித்துவிட்டான். வெள்ளியங்கிரி பார்த்துவிட்டார். அவர் கத்துவதற்குள் பிரஸ் பாதியில் நின்றது. அச்சுக்கும் அவன் விரலுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி போகிற இடம்தான் இருந்தது.

கதிரவேல் கையை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். வெள்ளியங்கிரி ஓடிப்போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாரும் சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தபோது துளசிமணி மட்டும் கண்ணைப் பார்த்தாள், கண் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பிளெக்ஸில் சுக்ராம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் காட்டியதைப் பார்த்துவிட்டு வெள்ளியங்கிரி பிரகதிக்குப் போன் போட்டார். "அம்மிணி, சும்மா ஒரு சந்தேகம். கண்ணு ரெண்டு முகத்தைப் பார்த்தா என்னங் பண்ணும்?"

"எந்தக் கை யாருதுன்னு சந்தேகம் வந்துரும். யாருக்குச் செலவு எச்சோ அவங்க கைன்னே வெச்சுக்கும். ஏன் சார்?"

"ஒண்ணுமில்லீங். அதுல ஒண்ணு போட்டோவா இருந்தா? படத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா?"

அவள் மெதுவாகப் பேசினாள். "அங்க விக்கற கண்ணுக்குத் தெரியும் சார். அதுக்குத் தனியா ஒரு கருவி வேணும், விலை சாஸ்தி. இங்க இருக்கற ஆளுகளுக்கு அவ்வளவு செலவு தேவையில்லைன்னு இந்தப் பக்கம் அனுப்பறதுல அதை எடுத்துட்டாங்க." அப்புறம் சிரித்தாள், அழுகிற மாதிரியும் இருந்தது. "சார், நீங்க எதுவும் கேக்கலை. நானும் எதுவும் சொல்லலை."

அந்த வாரமே ஒன்பது பிரஸ்ஸுக்கும் பின்னால் சுக்ராமின் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. ஒன்பதும் தும்மினால் நின்றன. கொக்கி குறைந்தது, பாதி ஆர்டர் வேறு ஷெட்டுக்குப் போயிற்று. வெள்ளியங்கிரியால் காரை விற்க முடியாது, ஈட்டில் இருக்கிறது. சௌந்தரத்தின் வளையல் போயிற்று. ஓவர்டைம் இல்லையே என்று சிலர் முணுமுணுத்தார்கள். கதிரவேல் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் யாரும் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஷெட்டில் இருக்கும் சாமிப் படங்களுக்கெல்லாம் பூப்போடுவது துளசிமணியின் வழக்கம். அங்காளம்மனுக்கு வைத்தாள், பிள்ளையாருக்கு வைத்தாள். கை தாராளத்தில் சுக்ராமின் படங்களுக்கும் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி, நெற்றியில் குங்குமம் வைத்தாள். ஒன்பது உயிரைக் காப்பாற்றுகிறவனுக்கு ஒரு முழம் பூக்கூடவா இல்லை?

டீ நேரத்தில் சுக்ராமின் அம்மா ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அவன் கை கழுவப் போயிருந்தான். மணி அடித்துக்கொண்டே இருக்கிறதே என்று கதிரவேல் போனை எடுத்து, நல்ல எண்ணத்தில், அவள் மகனுடைய படத்தைப் பெருமையாகக் காட்டினான்.

போனுக்குள்ளிருந்து அப்படியொரு அலறல் வந்தது. ஷெட்டே அதிர்ந்துபோயிற்று. கதிரவேல் போனைக் கீழே போட்டான். அதற்குள்ளிருந்து மாரடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. துளசிமணிக்கு அப்போதுதான் உறைத்தது, "ஐயோ, உசுரோட இருக்கறவன் படத்துக்கு மாலையைப் போட்டுட்டனே பாவி!" என்று வாயில் அடித்துக்கொண்டாள். சுக்ராம் ஈரக் கையோடு ஓடிவந்து போனை எடுத்தான்.

"மாயி! மாயி!" என்று கத்தினான். முகத்தைக் காட்டினான். அவள் நம்பவில்லை. பழைய படமென்று நினைத்தாளோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டே எதையோ திரும்பத் திரும்பக் கேட்டாள். சுக்ராம் போனைத் துளசிமணியிடம் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். உள்ளங்கையைக் காட்டினான், திருப்பிப் புறங்கையைக் காட்டினான், விரல் ஒவ்வொன்றையும் மடக்கி நீட்டினான். படத்துக்குப் பூ போட்ட காரணத்தைத் தங்கள் பேச்சில் சொன்னான். அழுகை மெல்ல அடங்கியது.

அவள் இன்னும் ஏதோ கேட்டாள்.

"என்னடா சொல்றாங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

"இங்க இருக்கற எல்லார் கையும் காட்டச் சொல்லுது சார்."

முதலில் துளசிமணி போனை அவனிடம் கொடுத்துவிட்டுத் தன் கையை நீட்டினாள். கதிரவேல் நீட்டினான். வரிசையாக எல்லாரும் வந்து நீட்டினார்கள், ஸ்கூலில் நகம் பார்க்கிற மாதிரி. கடைசியில் வெள்ளியங்கிரியும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து காட்டினார். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாலு வார்த்தை சொன்னாள்.

"எங்க ஊர்லருந்து வந்த ஆளுங்க நெறைய பேர் போன்ல மூஞ்சி மட்டும்தான் காட்டுவாங்களாம்" என்றான் சுக்ராம். "பூ இருக்கட்டும்னு சொல்லுது. ஆனா இனிமே போன் பண்ணினா முதல்ல கை காட்டணுமாம். மூஞ்சி அப்பறம்."